பத்து விழுக்காடு, வியாழன்தோறும்

கலஃப் முப்பத்தொரு ஆண்டுகள் குடிநீர் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றினார். கடல்நீரிலிருந்து உப்பு நீங்கிவிட்டதா என்று சோதிப்பதும், நீங்கிவிட்டது என்று ஒப்பமிடுவதும் அவருடைய வேலை. ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் அந்த நன்னீரைப் பீப்பாயில் பிடித்து, விலைக்கு வாங்கிய உப்பைக் கொட்டிக் கலக்கி, மீண்டும் கடல்நீராக்கத் தொடங்கினார். கடல் அவருடைய வீட்டிலிருந்து வண்டியில் ஏழு நிமிடத் தொலைவில் இருந்தது.

இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவருடைய கருத்து. நம் வளைகுடா நீரில் உப்பு மிகுதி. கோடையில் அது இன்னும் ஏறும். அவர் தொட்டியில் வளர்க்கும் பவளத்துக்கு வேண்டியதோ ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு. முப்பத்தாறும் அன்று, முப்பத்துநான்கும் அன்று.

மூத்த மகன் பர்ராக்கின் பெயரால் ஊர் அவரை அபூ பர்ராக் என்றே அழைக்கும். நானும் அப்படியே எழுதுகிறேன். சிலருடைய பெயர்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளை மாற்றவில்லை; அதற்கு அவர் உடன்படமாட்டார்.

ருமைத்தியா பேட்டையில் உள்ள அவருடைய வீட்டின் முன்பக்கத்தில், தெருவைப் பார்த்த தனி வாசலோடு, ஆண்கள் கூடும் திவானியா உண்டு. சனி முதல் புதன் வரை, மாலைத் தொழுகை முடிந்ததும் அதன் கதவு திறக்கும். இருபது பேராவது வருவோம். வியாழனும் வெள்ளியும் குடும்பத்துக்கு உரியவை. சுவரோரம் மூன்று பக்கமும் இருக்கைகள். நான்காவது பக்கத்தில் அறுநூறு லிட்டர் பவளத்தொட்டி. அதன் கீழ்ப்பெட்டியில் காற்றை இழுத்து நீருக்குள் நுண்குமிழாக ஊட்டி, அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஒரு கருவி இரவும் பகலும் ஓடும். ஸ்கிம்மர் என்பார்கள். தொட்டிக்கு எதிரே நின்றால் கேட்கும் முணுமுணுப்பு அதனுடையது. மற்ற முணுமுணுப்புகள் எங்களுடையவை.

வியாழக்கிழமை பிற்பகலில், அறையில் ஒருவரும் இல்லாதபோது, அபூ பர்ராக் தொட்டியிலிருந்து அறுபது லிட்டர் எடுத்துவிட்டு, முதல்நாளே கலந்து சூடேற்றி வைத்த அறுபது லிட்டரை ஊற்றுவார். பத்து விழுக்காடு. சென்ற ஆண்டு ஆகஸ்டு வரை, ஒன்பது ஆண்டுகளில் இரண்டு வியாழன்கள்தாம் தவறியிருந்தன. இரண்டும் பேரப்பிள்ளைகள் பிறந்த நாள்கள். அந்தப் பேரர்களிடம் அவருக்கு அன்பு உண்டு என்றாலும், தேதியைச் சொல்லும்போது குரலில் ஒரு சிறு குறை இருக்கும்.

எவ்வளவு நீரை, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதில் எங்கள் திவானியாவில் ஐந்து கட்சிகள் இருந்தன. தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற மிஜ்பில், மாதம் ஒருமுறை பாதித் தொட்டியைக் காலி செய்யவேண்டும் என்பார்.

"சொட்டுச் சொட்டா ஊத்தி என்னய்யா ஆகப்போகுது? திறந்து விடு, அடிச்சு நிரப்பு. அழுக்கு எங்கயும் ஓடி ஒளியக் கூடாது."

மருந்துக்கடை வைத்திருக்கும் ஸஃதூன் நாள்தோறும் ஒரு விழுக்காடு என்பார்; உணவுக்குப் பின் என்று சேர்த்துச் சொல்லாததுதான் குறை. மாதம் இரண்டு முறை போதும் என்று நான் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் மாதம் இரண்டு தேர்வு வைத்துப் பழகியதைத் தவிர அதற்கு எனக்கு வேறு ஆதாரம் இல்லை.

ஐந்தாவது கட்சியில் ஒருவரே இருந்தார். அவர் ஷம்லான். நில ஆவணங்கள் வைக்கும் அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். நீரை மாற்றவே கூடாது என்பது அவருடைய கொள்கை.

"ஆறு வருஷம். ஒரு டம்ளர் மாத்தல. ஆவியாப் போனதுக்கு மட்டும் ஊத்துவேன். போய்ப் பாருங்க என் பவளத்தை."

"ஃபைலையும் அப்படித்தானே வச்சிருந்தே, தொடாம?" என்பார் மிஜ்பில்.

"தொடாத ஃபைல் எதுவும் கெட்டதில்ல, தெரிஞ்சுக்கோ. தொட்டதுதான் கோர்ட்டுக்குப் போச்சு."

ஷம்லானின் பவளத்தை நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. அவருக்குத் திவானியா கிடையாது, அவர்தாம் வருவார். அவர் மனைவி, தாம் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, கட்டைவிரல் அளவில் ஒரு கிளைப்பவளத் துண்டை வாங்கி வைத்தார் என்பதும், அது ஆறு ஆண்டுகளில் விரித்த கையளவு வளர்ந்து, நுனிதோறும் ஊதா நிறம் கொண்டிருக்கிறது என்பதும் அவர் சொல்லி அறிந்தவை.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் இடுப்பெலும்பு அறுவைக்காக அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் ஆகும் என்றார்கள். புறப்படுவதற்கு முதல்நாள், ஒரு குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மகன் வண்டி ஓட்ட, திவானியாவுக்கு வந்தார். பெட்டிக்குள் அந்தப் பவளம் இருந்தது.

"அபூ பர்ராக், இது உன்கிட்ட அமானிதம்" என்றார்.

ஒப்படைத்தவர் திரும்பி வந்து கேட்கும் நாளில், ஒப்படைத்தபடியே திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் அமானிதம். வாங்க மறுப்பதற்கு அந்த இடத்தில் வழி இல்லை. அபூ பர்ராக் இரு கைகளாலும் பெட்டியை வாங்கினார்.

"கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்."

"கண்ணுல வேண்டாம், தண்ணியில வை. ஆனா ஒரு வார்த்தை. என் பிள்ளைக்காவது தண்ணியை மாத்தாம இரு."

"என் தொட்டியில வியாழன் வியாழன்தான். நீ நல்லபடியா நடந்து வா. இது இதே நெறத்துல உன் கையில வரும்."

இத்தனை பேர் கேட்கச் சொன்ன சொல் அது.

இரண்டாம் வாரம் ஊதா நுனிகள் மங்கின. மூன்றாம் வாரம் கிளைகளின் மேல் பூப்போல விரிந்திருக்கும் நுண்வாய்கள் மூடிக்கொண்டன. அபூ பர்ராக்கின் சொந்தப் பவளங்கள் தோல்போல் தடித்த இனம். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை எதற்கும் அசையா. இதுவோ நொய்ய இனம்.

அவர் ஆய்வகக் காலத்து நீலநிறக் குறிப்பேடு ஒன்றை எடுத்து, நாள்தோறும் நண்பகலில் நீரைச் சோதித்து எழுதத் தொடங்கினார். உப்பு சரி, வெப்பம் சரி, சுண்ணாம்புச் சத்து சரி. பி.எச். என்னும் அமில-கார அளவு மட்டும் நொண்டியது. சனியன்று எட்டுப் புள்ளி இரண்டு. புதனன்று ஏழு புள்ளி எட்டு. வியாழன் நீர் மாற்றுவார். சனியன்று மீண்டும் எட்டுப் புள்ளி இரண்டு. புதனுக்குள் மீண்டும் வீழ்ச்சி.

இதிலிருந்து அவர் கண்ட முடிவு தெளிவானது: வியாழன் மாற்றும் நீர்தான் பவளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே செப்டம்பரில் பத்து விழுக்காட்டைப் பதினைந்து ஆக்கினார். அதற்குப் பின் இருபது.

திவானியாவில் கூட்டம் பெருகியது. வழக்கமாகப் புதன்கிழமை மட்டும் வருபவர்கள் நாள்தோறும் வந்தார்கள். அடுத்த பேட்டையிலிருந்தும் வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் எப்படிச் சொல்லிக்கொள்ளாமல் திரும்பமாட்டார்களோ, அப்படியே யோசனை சொல்லாமல் யாரும் திரும்பவில்லை. நாற்பது பேர், மூடிய சன்னல்கள், செப்டம்பர் வெயிலுக்கு அஞ்சி இரவும் பகலும் ஓடும் ஏசி. தொட்டிக்கு முன்னே வரிசை.

"அப்பவே சொன்னேன், பாதியை இறக்குன்னு" என்றார் மிஜ்பில்.

"பாதியை இறக்கினா இதோட சேர்த்து மத்ததும் போகும். டோஸ் தெரியாம பேசக் கூடாது" என்றார் ஸஃதூன்.

"உன் கடையில காலாவதியான மருந்தை மாத்துறியா முதல்ல? தண்ணியைப் பத்தி அப்புறம் பேசு."

"ரெண்டு பேரும் உக்காருங்கப்பா. காப்பி ஆறுது" என்றார் அபூ பர்ராக். அவர் முகத்தில் நிறம் இல்லை. பவளமும் அவரும் ஒரே வேகத்தில் வெளுப்பதாக எனக்குப் பட்டது.

உண்மையான காரணத்தை முதலில் கண்டுபிடித்தவர் தாம்தான் என்று மிஜ்பில் இன்றும் நம்புகிறார். அவர் தொட்டியருகே குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது தண்ணி இல்லய்யா. கண்ணு. இத்தனை பேர் பாக்குறாங்க, எத்தனை பேர் மாஷா அல்லாஹ் சொன்னாங்க? எண்ணிப் பாத்தியா?"

வியந்து பார்ப்பவர் அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் கண்ணேறு படும் என்பது நம்பிக்கை; கண்ணேறு என்றதும் ஐந்து கட்சிகளும் ஒன்றாயின. எங்கள் வழக்கத்தில், கூட்டம் கலையும் வேளையில் தூபக்காலில் கங்கிட்டு, அகில் கட்டை புகைத்து, ஆளுக்கு ஆள் கைமாற்றுவோம். அங்கியிலும் தாடியிலும் புகையை ஏந்திக்கொண்டு எழுவோம். அன்றிலிருந்து தூபக்கால் முதலில் தொட்டிக்குப் போனது. மூன்று முறை வலம் வந்தது. கீழ்ப்பெட்டியின் கதவையும் திறந்து உள்ளே காட்டினார் மிஜ்பில்; தீயணைப்பவருக்குப் புகை எங்கெல்லாம் புகவேண்டும் என்பது தெரியும். ஸ்கிம்மர் முணுமுணுத்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. விலையுயர்ந்த கட்டைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். ஷம்லான் நல்லவர், அவருடைய அமானிதத்துக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றார்கள்.

சனிக்கிழமைதோறும் ஷம்லான் ஜெர்மனியிலிருந்து காணொளி அழைப்பில் பேசுவார்.

"முகத்தைக் காட்டாதே, அதை நிறையப் பாத்தாச்சு. பிள்ளையைக் காட்டு."

அபூ பர்ராக் வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு, நீல விளக்கை மட்டும் எரியவிட்டுத் தொலைபேசியைத் தொட்டியின்முன் பிடிப்பார். நீல ஒளியில் எந்தப் பவளமும் மணப்பெண்போல மின்னும்.

"ஏன் எப்பவும் நீலமாவே இருக்கு?"

"சாயங்காலம் ஆச்சுல்ல. அது தூங்குற நேரம்."

"இங்க மணி நாலுதான்."

"இங்க அஞ்சு. அதுக்கு இந்த ஊர் நேரம்தானே தெரியும்."

ஆய்வறிக்கை எதிலும் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தி எழுதாத மனிதர், அழைப்பு முடிந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வார். நாங்கள் பார்க்காததுபோல் பேரீச்சம்பழத்தைப் பார்ப்போம்.

அக்டோபர் முதல் வியாழன், நீரை எடுக்கக் குழாயைத் தொட்டிக்குள் போட்ட நேரத்தில், எதிர்வீட்டுப் பெரியவர் காலமான செய்தி வந்தது. அபூ பர்ராக்கின் மனைவிக்கு அவர் ஒன்றுவிட்ட தாய்மாமன். குழாயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் துக்கம் எதிர்வீட்டில் நடந்தது. ஊரார் எல்லாரும் அங்கேயே கூடினோம். துக்கம் முடிந்த பின்னும், எதிர்வீட்டில் இழவு இருக்கும்போது இங்கே காப்பிக் கிண்ணங்கள் ஒலிப்பது முறையன்று என்று, அந்த வாரம் முழுவதும் திவானியா திறக்கப்படவில்லை. புதுநீர் பீப்பாயிலேயே கிடந்தது.

அடுத்த வியாழன் நண்பகலில், குற்றவாளிபோல் தொட்டியின்முன் உட்கார்ந்து நீரைச் சோதித்தார். எட்டுப் புள்ளி மூன்று. கருவி பழுது என்று நினைத்து வேறொன்றால் சோதித்தார். எட்டுப் புள்ளி மூன்று. பிறகுதான் பவளத்தைப் பார்த்தார். கிளைகளின்மேல் மூடிக்கிடந்த வாய்கள் பாதிக்கு மேல் விரிந்திருந்தன.

நீர் மாற்றவில்லை, பவளம் தேறியிருக்கிறது. ஷம்லானின் கட்சி வென்றுவிட்டதோ என்ற எண்ணத்தில் அவர் சோறு உண்ணவில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

அன்று பிற்பகல் ஸ்கிம்மரின் நுரைக்கிண்ணத்தை முற்றத்துக் குழாயடியில் கழுவப் போனார். அழுகிய மீன் நாற்றம் அடிக்கும் பழுப்பு நீர் அது. கழுவும்போதெல்லாம் அவர் மனைவி தைபா சமையலறைச் சன்னலைப் படாரென்று சாத்துவார். அன்று சாத்தவில்லை. தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"அதேதான். போன வாரத்து நுரை. சன்னலைச் சாத்திக்கோ."

"இல்லையே, நாத்தம் அடிக்கலையே. மிஜ்பில் அங்கி வாசனைல்ல அடிக்குது."

அபூ பர்ராக் கிண்ணத்தை முகர்ந்தார். அழுகலுக்கு மேலாக, ஐயத்துக்கு இடமில்லாமல், முதல்தர அகில் மணந்தது. துக்கத்துக்கு முந்திய புதன்கிழமை அவருடைய திவானியாவில் புகைத்த கட்டை.

குறிப்பேட்டை எடுத்துவந்து குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். சனி முதல் புதன் வரை பி.எச். இறங்குகிறது. சனி முதல் புதன் வரை நாங்கள் வருகிறோம். வியாழனும் வெள்ளியும் ஏறுகிறது. வியாழனும் வெள்ளியும் நாங்கள் வருவதில்லை. நாற்பது பேர் விடும் மூச்சில் உள்ள கரியமிலவாயு மூடிய அறையில் சேர்ந்து, ஸ்கிம்மரின் வழியே தொட்டிக்குள் போய், நீரைப் புளிக்கவைக்கிறது. கூடவே புகையும். அவர் உறுதி செய்துகொள்ள, ஒரு குவளையில் தொட்டி நீரை எடுத்து, உறிஞ்சுகுழலால் அதற்குள் இரண்டு நிமிடம் மூச்சை ஊதிச் சோதித்தார். ஏழு புள்ளி ஆறு. தைபா சன்னலில் நின்று, கணவர் மீன்தொட்டித் தண்ணீரில் குமிழி விடுவதைப் பார்த்து, சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

ஆக, ஐந்து கட்சிகளும் தவறு. நோயைப் பார்க்க வந்தவர்களே நோய். பவளம் வெளுக்க வெளுக்கக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடக் கூடப் பவளம் வெளுத்தது. வெளுப்புக்கு மருந்தென்று போட்ட புகை, வெளுப்பை விரைவுபடுத்தியது.

இதை அவர் யாரிடம் சொல்வது? "உங்கள் மூச்சு என் தொட்டிக்கு ஆகவில்லை" என்று வீடு தேடி வந்தவரிடம் சொல்ல முடியுமா? தூபக்காலை நிறுத்தினால், இவருக்கு என்ன முடை வந்தது என்று ஊர் கேட்கும். கதவைச் சாத்தினால், அவர் அப்பா காலத்திலிருந்து துக்கத்துக்கன்றிச் சாத்தாத கதவு. தொட்டியை வீட்டுக்குள் மாற்றலாமென்றால், அறுநூறு லிட்டரை நகர்த்தும்போது பவளம் பிழைக்காது. ஷம்லான் வர நான்கு வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். "ஏணியைப் பிடிக்கணும். வாயையும் பிடிச்சுக்கணும். உங்களால முடியுமா வாத்தியார்?"

முடியும் என்றேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு சுவரில் துளையிட்டு, ஸ்கிம்மர் காற்றை இழுக்கும் மெல்லிய குழாயை அறைக்குள்ளிருந்து வெளியே தெருப்பக்கம் விட்டார். இனி அது எங்கள் மூச்சை இழுக்காது, தெருக்காற்றை இழுக்கும்.

சனிக்கிழமை மிஜ்பில் வந்ததும் கேட்டார்: "சுவத்துல என்னய்யா அது?"

"ஏசிக்கு" என்றார் அபூ பர்ராக்.

மூன்று நாள் ஏறிய பி.எச்., நான்காம் நாள் இறங்கியது. அபூ பர்ராக் பேச்சின் நடுவே எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வாசலுக்கு வெளியே, சரியாகக் குழாய் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஆறுபேர் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஸஃதூன்.

"என்னப்பா, எல்லாரும் வெளிய நிக்கிறீங்க?"

"உள்ள பிடிக்கறதை விட்டுட்டோம் அபூ பர்ராக். பவளத்துக்கு ஆகாதுல்ல. ஒருத்தருக்கொருத்தர் பேசி முடிவு பண்ணினோம். நீ கேக்கணுமா என்ன?"

சொல்லிவிட்டு ஸஃதூன் ஒதுங்கிச் சுவரோடு சாய்ந்து, குழாயின் வாயருகே நிதானமாகப் புகையை விட்டார். அபூ பர்ராக் அவர் தோளைத் தட்டி நன்றி சொன்னார். அந்த நன்றியைச் சொல்ல எவ்வளவு வலிமை வேண்டியிருந்தது என்பதை நான் பக்கத்தில் நின்று கண்டேன்.

அடுத்த வெள்ளியன்று குழாயை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். மாடியில் தண்ணீர்த்தொட்டிகளும் ஒரு பழைய டிஷ் ஆண்டெனாவும் தவிர எவரும் கூடுவதில்லை. அதற்குப் பின் பி.எச். இறங்கவில்லை. புகை அறையில் இருந்தது, தொட்டிக்குள் போகவில்லை. வியாழன் நீர் மீண்டும் பத்து விழுக்காட்டுக்கு வந்தது. நவம்பர் முதல் வாரத்தில் நுனிகளில் ஊதா திரும்பியது. வந்ததைவிட அரை விரற்கடை வளர்ந்தும் இருந்தது.

ஷம்லான் கைத்தடியோடு, ஆனால் நடந்தே, திவானியாவுக்குள் வந்த நாளில் ஐம்பது பேர் இருந்தோம். வெள்ளை விளக்கில் பவளத்தைப் பார்த்தார். பிறகு அபூ பர்ராக்கின் நெற்றியில் முத்தமிட்டார்.

"நான் பாதித் தண்ணியை மாத்தச் சொன்னேன்" என்றார் மிஜ்பில். "அவன் இருபது வரைக்கும் வந்தான். அதுதான் காப்பாத்துச்சு. அப்புறம் அகில்."

"வெளிய போய் சிகரெட் பிடிச்சது யாரு?" என்றார் ஸஃதூன்.

அபூ பர்ராக் இருவருக்கும் காப்பி ஊற்றினார். அமானிதம் குளிர்ப்பெட்டியில் ஏறி வீடு போனது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து ஷம்லான் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். பவளம் மூடிக்கொண்டுவிட்டது, நுனி வெளுக்கிறது. உடனே வா என்றார். அபூ பர்ராக் வெள்ளிக்கிழமை காலையில் துளைக்கருவியையும் ஒரு சுருள் குழாயையும் வண்டியில் வைத்து, ஏணிக்காக என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் அவர் உற்சாகமாக இருந்தார். ஆறு ஆண்டு வாதத்தில் ஷம்லானிடம் எண்களோடு பேசப்போகிற நாள் அது. நீலக் குறிப்பேடு முன்னிருக்கையில் இருந்தது.

ஷம்லானின் வீட்டுக்குள் நாங்கள் போனது அதுவே முதல்முறை. தொட்டி வரவேற்பறையில் இருந்தது. இருக்கைகளின் மேல் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை. பாதி இருக்கைகளில் மட்டும் அண்மையில் கிழித்து எடுத்திருந்தார்கள். நலம் விசாரிக்க நாள்தோறும் முப்பது நாற்பது பேர் வந்துபோயிருக்கிறார்கள். மேசையில் இரண்டு தூபக்கால்கள், நிறையச் சாம்பல். அறை முழுக்க அகில்.

ஷம்லான் தொட்டியின் எதிரே கைத்தடியில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"ஆறு வருஷம், அபூ பர்ராக். அவ வாங்கிவச்ச நாள்லேருந்து. ஒரு சொட்டு மாத்தல, ஒரு நுனி வாடல. இப்ப பத்து நாள்ல பாரு. என் வழி தப்புன்னா சொல்லிடு. உன்கிட்டதான் கணக்கு இருக்குமே."

அபூ பர்ராக் குறிப்பேட்டைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எப்போது புரிந்ததோ அப்போதே எனக்கும் புரிந்தது. இந்த அறையில் ஆறு ஆண்டுகள் பவளம் செழித்ததற்கு ஒரே காரணம்தான் இருந்தது. அந்தக் காரணத்தில் நாங்கள் எல்லாரும் அடக்கம். இந்த அறைக்குள் எவரும் வந்து மூச்சு விட்டதில்லை.

அவர் குறிப்பேட்டை மூடினார்.

"தப்பில்ல" என்றார். "நீ மாத்தாம இருந்ததுதான் சரி. நான்தான் என் வீட்டுல அதுக்குக் கெட்ட பழக்கம் பண்ணி விட்டுட்டேன். வியாழன் வியாழன் புதுத்தண்ணி குடிச்சுப் பழகிடுச்சு. ரெண்டு வாரத்துல மறந்துடும்."

ஷம்லான் நிமிர்ந்தார். "நெசமாவா?"

"எண்ணோட சொல்றேன்."

"அப்ப அந்தத் துளை போடற மெஷின் எதுக்கு?"

"ஏசிக்கு. ஜெர்மனிக்காரன் இடுப்பு வச்சுக்கிட்டு வந்திருக்கே, காத்து நல்லா வரணும்ல."

குழாயை நாங்கள் அன்றே மாடிக்கு ஏற்றினோம். இறங்கும்போது, ஷம்லான் மீதி இருக்கைகளின் உறைகளையும் கிழித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை ஷம்லான் திவானியாவின் நடுவில் நின்று, அபூ பர்ராக்கே ஒப்புக்கொண்டார் என்று அறிவித்தார். மாற்றவே கூடாது. எண்ணோடு சொன்னார்.

மிஜ்பில் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஒன்பது வருஷம் வாளி தூக்கினியே அபூ பர்ராக்! யாருக்காக? மாடிப் புறாவுக்கா?"

அபூ பர்ராக் காதுவரை சிவந்தார். பத்து விழுக்காட்டுக்கு ஆதரவாக அவரிடம் நூற்றிருபது பக்கச் சான்று இருந்தது. எடுத்துவர எழுந்தவர்போல அசைந்துவிட்டு, காப்பிக் குடுவையை எடுத்தார். ஒவ்வொரு கிண்ணமாக நிரப்பிக்கொண்டு வந்தார். மிஜ்பிலின் கிண்ணத்தை நிரப்பும்போது கேட்டார்:

"நாளைக்கு ஷம்லான் வீட்டுக்கு யார் யார் போறீங்க?"

"அவனுக்குத்தான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு?"

"சும்மா போங்க. நல்ல கட்டையா எடுத்துட்டுப் போங்க" என்றார் அபூ பர்ராக். "தூபக்காலைக் கீழ்ப்பெட்டிக்குள்ள மட்டும் காட்டாதே."